12 போர் ஆக்‌ஷனில் எந்த ரைஃபிள் தோட்டா? ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய வேட்டைத் துப்பாக்கிகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், அமெரிக்காவில் சிலர் டபுள் பேரல் ஷாட்கன்னின் குழல்களைக் கழற்றிவிட்டு, அதே ஆக்‌ஷனில் (குழலைத் தாங்கி, அதன் பின்புறத்தை மூடும் எஃகுப் பகுதி) ரைஃபிள் குழல்களைப் பொருத்தி டபுள் ரைஃபிள் செய்துகொள்வதாக எழுதியிருந்தீர்கள். செய்தி சரிதான். இங்கிலாந்தில் செய்த அசல் டபுள் ரைஃபிள் ஒரு காரின் விலை என்பதால் அங்கே இது பல காலமாக நடந்துவரும் வேலை. ஆனால் “12 போர் தோட்டாவையே தாங்கும் ஆக்‌ஷன், அதைவிட மெல்லிய எந்த ரைஃபிள் தோட்டாவையும் தாங்கிவிடும்” என்ற வரி முழுத் தவறு. ஒரு ஆளின் முகத்துக்கு அரையடி முன்னால் வெடிக்கிற பொருள் பற்றிய தவறு என்பதால் திருத்த வேண்டியிருக்கிறது. கடிதம் நீளும், கணக்கு இல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

தோட்டா வெடிக்கும்போது ஆக்‌ஷனைத் தாக்குவது தோட்டாவின் பருமன் மட்டும் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. அறைக்குள், அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடத்தில், எழும் அழுத்தத்தைத் தோட்டாவின் அடிப்பரப்பால் பெருக்கினால் வருவது பின்தள்ளல். 12 போரின் (போர் என்பது குழல் அளவு) உச்ச அழுத்தம் அமெரிக்கக் கணக்கில் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. அடி விட்டம் 0.81 அங்குலம் என்றால் பரப்பு அரைச் சதுர அங்குலத்துக்குச் சற்று மேல். பெருக்கினால் ஏறத்தாழ 5,900 பவுண்டு. இதுவே அளவுகோல். ஒரு சாதாரண 12 போர் ஆக்‌ஷன் ஆயிரக்கணக்கான முறை தாங்கும் என்று அதைச் செய்தவர் எண்ணிய சுமை இவ்வளவுதான்.

இப்போது .30-06 ரைஃபிளை எடுங்கள். அதன் அடி விட்டம் 0.47 அங்குலம்தான், 12 போரோடு சேர்த்து வைத்தால் சுண்டுவிரல் மாதிரி. ஆனால் அழுத்தம் 60,000. பின்தள்ளல் 10,400 பவுண்டு! யானை வேட்டைக்குப் பேர்போன .470 நைட்ரோ எக்ஸ்பிரஸின் அழுத்தம் 39,000 தான்; அடி பெரிது என்பதால் அதுவும் 10,000 பவுண்டைத் தொடுகிறது. ஜெர்மானியர்கள் விரும்பும் 9.3×74ஆர் தோட்டாவுக்கு 8,400. .450/400 மூன்றங்குலத் தோட்டாவுக்கு 9,500. இவை எதற்கும் சாதாரண ஷாட்கன் ஆக்‌ஷன் ஆகாது.

12 போரின் அளவுக்குள் வருபவை வேறு சில. அமெரிக்க ராணுவம் 1873-ல் கொண்டுவந்த .45-70 தோட்டாவுக்கு இன்றைய தர அளவு 28,000, அடி 0.505 அங்குலம், பின்தள்ளல் 5,600. .30-30 தோட்டாவுக்கு அழுத்தம் 42,000 ஆனாலும் அடி 0.42 தான், 5,860. .44 மேக்னம் 36,000-ல் 5,900. மூன்றும் 12 போரின் எண்ணை ஒட்டி நிற்கின்றன. 20 போர் ஆக்‌ஷன் என்றால் அளவுகோலே 4,600-க்கு இறங்கிவிடும், அங்கே .357 மேக்னம் மாதிரி 3,900-ல் நிற்கும் தோட்டாதான் பொருத்தம்.

இந்தக் கணக்கில் பித்தளைக் கூடு அறையின் சுவரைப் பற்றிக்கொள்வதைச் சேர்க்கவில்லை. கூடு காய்ந்திருந்தால் சுவரில் ஒட்டி, பின்தள்ளலில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடும். அந்த உதவியை நம்பக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. கையால் மருந்து நிரப்புபவர்கள் கூட்டை அச்சில் இழுக்க மசகு பூசுவார்கள். துடைக்க மறந்தால், அல்லது அறையில் எண்ணெய் விட்டு வைத்த துப்பாக்கியைத் துடைக்காமல் சுட்டால், முழுச் சுமையும் ஆக்‌ஷன் முகத்தில்தான் விழும்.

பழைய புத்தகங்களைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. அமெரிக்கப் பழைய அட்டவணைகளில் அழுத்தம் செப்பு உருளை நசுங்கிய அளவில் இருக்கும். .30-30-க்கு அது 38,000. இன்றைய கருவி அளவில் அதே தோட்டா 42,000. பிரிட்டிஷ் அட்டவணைகள் டன்னில் பேசும். .470-க்கு 14 டன் என்று இருப்பதை 2,240-ஆல் பெருக்கினால் 31,360 வரும். ஆஹா, இத்தனை சாதுவான தோட்டாவா என்று தோன்றும். அளக்கும் முறை வேறு. இன்றைய அளவில் அது 39,000. மூன்று அளவுகளையும் ஒரே தாளில் கலந்து ஒப்பிட்டால் எந்த முடிவும் உதவாது.

இவ்வளவோடு தேர்வு முடிந்தது என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். என் பார்வையில் முக்கியமான கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த அறைக்குள் வேறு என்னென்ன நுழையும்?

துப்பாக்கி, செய்தவரைவிட நீண்ட காலம் இருக்கும். பேரன் கைக்குப் போகும், இல்லையென்றால் விற்பனைக்கு வரும். அடுத்தவர் குழலில் “.45-70” என்ற எழுத்தை மட்டும் பார்த்துக் கடையில் பெட்டி வாங்குவார். .45-70 என்ற ஒரே பெயரில் மூன்று தரம் அமெரிக்காவில் புழங்குகிறது: 1873-ன் ட்ராப்டோர் ரைஃபிளுக்கான சாது மருந்து, லீவர் ரைஃபிளுக்கான நடுத்தரம், ரூகர் நம்பர் 1 போன்ற கெட்டியான ஒற்றைக்குழல் ரைஃபிளுக்கான கடும் மருந்து. மூன்றும் ஒரே கூட்டில், ஒரே அறையில் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். பெட்டியில் ஒட்டிய சின்னச் சீட்டைத் தவிர வித்தியாசம் காட்ட எதுவும் இல்லை. .45 கோல்ட் தோட்டாவிலும் இதே கூத்து. அதன் தர அளவு 14,000 தான், ஆனால் ரூகருக்கு மட்டும் என்று அச்சிட்ட கடும் மருந்துப் பெட்டிகள் கடையில் கிடைக்கும்.

.38-55 இன்னும் மோசம். 1880-களின் சாதுத் தோட்டா, செப்பு அளவில் 30,000. காகிதத்தில் 12 போர் ஆக்‌ஷனுக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் 1978-ல் வந்த .375 வின்செஸ்டர் ஏறக்குறைய அதே கூடு. நீளத்தில் சற்றுக் குறைவு. அழுத்தம் அதே அளவில் 52,000. நீளம் குறைவு என்பதால் .38-55 அறைக்குள் தாராளமாக நுழையும். இந்த ஆபத்தை யாரும் யோசித்ததில்லை என்று சொல்ல முடியாது. 1935-ல் .357 மேக்னம் செய்தபோது, பழைய .38 ஸ்பெஷல் ரிவால்வர்களில் நுழைந்துவிடக்கூடாது என்றே கூட்டை ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீட்டினார்கள்.

ஆக, எண்களில் சற்று முன்பின் இருந்தாலும் .30-30-தான் என் தேர்வு. யானைக்கதை எதுவும் ஒட்டாத, லீவர் ரைஃபிளில் மான் சுடும் எளிய தோட்டா என்று டபுள் ரைஃபிள் பிரியர்கள் அதைச் சீந்துவதில்லை. ஆனால் பழைய வின்செஸ்டர் 1894 லீவர் ரைஃபிள்கள் லட்சக்கணக்கில் புழக்கத்தில் இருப்பதால், அவற்றை மனதில் வைத்தே தொழிற்சாலைகள் மருந்து நிரப்புகின்றன. எந்த ஊர்க் கடையில் எந்தப் பெட்டியை எடுத்தாலும் அது எல்லைக்குள்தான் இருக்கும். .45-70 வேண்டும் என்பவர், குழலின் அடித்தட்டையில் (துப்பாக்கியை மூடினால் மறையும், குழலின் பின்பகுதி அடிப்புறத் தட்டைப் பரப்பு) “28,000-க்கு மேல் கூடாது” என்று ஆழமாக வெட்டிவைக்கட்டும். அது பாதிக் காப்பு. மீதிப் பாதி, படிக்கிறவர் கையில்.

அடுத்து ப்ரைமர், அதாவது ஊசி குத்தியதும் தீப்பொறி தரும், கூட்டின் அடியில் உள்ள சிறு குப்பி. ஷாட்கன்னின் ஊசி நுனி தடிமன், அது வெளிவரும் ஓட்டையும் பெரிது. 11,500 அழுத்தத்தில் அதனால் கெடுதி ஒன்றும் இல்லை. 42,000-ல் ரைஃபிள் ப்ரைமரின் மென்தகடு அந்த ஓட்டைக்குள் பிதுங்கும். சுட்டபின் கூட்டை எடுத்து ப்ரைமரை வெளிச்சத்தில் பாருங்கள்: ஊசி பதிந்த குழியைச் சுற்றி எரிமலை வாய் மாதிரி ஒரு வளையம் எழும்பியிருந்தால் ஓட்டை பெரிது என்று பொருள். அதற்கு மேல் போனால் ப்ரைமர் துளைபட்டு, சூடான வாயு ஊசி வழியாகப் பின்னால் பீறிடும். குதிரை (ஊசியை அடிக்கும் சுத்தியல்) வெளியே இருக்கும் பழைய மாடலில் அது கண்ணுக்கு நேர். தேர்ந்த பட்டறைகள் ஆக்‌ஷன் முகத்தில் திருகு வில்லை வைத்து, ஊசி நுனியை ஏறத்தாழ 0.07 அங்குலத்துக்கு இறக்குவது இதனால்தான். பின்தள்ளல் கணக்கில் .30-30-ம் .45-70-ம் சமம் என்றேனே, இங்கே சமம் இல்லை. 28,000-ல் இயங்கும் .45-70 ப்ரைமர் விஷயத்தில் சாது. .30-30 எடுப்பவர் வில்லை வைக்காமல் ஒரு தோட்டாகூடச் சுடக்கூடாது.

கூட்டின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு இல்லாத தோட்டாக்களை, அதாவது .308, .30-06 வகையை, இந்தத் துப்பாக்கிகளுக்கு நான் ஒதுக்குவது அழுத்தத்தால் மட்டும் அல்ல. மடித்துத் திறக்கும் துப்பாக்கியில் கூட்டை வெளியே தள்ளும் பகுதி விளிம்பைப் பிடித்துத்தான் தள்ள முடியும். விளிம்பு இல்லாவிட்டால் பள்ளத்துக்குள் ஸ்பிரிங் நாக்கு ஒன்று விழவேண்டும். அழுக்கிலும் அவசரத்திலும் அது நழுவும். போல்ட் ரைஃபிளில் கைப்பிடியைத் தூக்கும்போது கூட்டை நெம்பி இளக்கும் பலம் இதில் கிடையாது. கூடு லேசாக ஒட்டினாலே சிக்கல்தான்.

விளிம்புள்ள தோட்டாவில் விளிம்பின் பள்ளம் சரியாக இருக்க வேண்டும். .45-70-ன் விளிம்புத் தடிமன் 0.07 அங்குலம். பள்ளம் அதைவிட ஆழமானால் சுடும்போது கூடு பின்னால் ஓடி முகத்தில் சம்மட்டி மாதிரி அடிக்கும். ப்ரைமர் வெளியே தள்ளி நிற்கும். சில முறை சுட்டபின் கூட்டின் அடிக்கு மேலே பளபளவென்று ஒரு வளையக் கோடு தெரியும். கூடு அறுந்துபோகப் போவதின் அறிகுறி அது.

ஆக்‌ஷன் எங்கே தோற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் டபுள் பேரலின் ஆக்‌ஷன் படுத்த “ட” மாதிரி: நிற்கும் முகம், கிடக்கும் படுக்கை. பின்தள்ளல் குழலின் மையக்கோட்டில் வருகிறது. கீல் முளையும் அடிப்பூட்டும் அதற்குக் கீழே இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு வெடியும் முகத்தைப் பின்னால் சாய்த்து “ட”-வின் உள்மூலையை விரிக்கப் பார்க்கும். அந்த மூலையைச் சதுரமாக, கூர்மையாக வெட்டியிருந்தால் விரிசல் அங்கே தொடங்கும். மூலை சற்றே வளைவாக இருக்கும் ஆக்‌ஷனே மேல். பூட்டு இயந்திரம் (குதிரையும் ஸ்பிரிங்கும் அடங்கிய வெடிக்கும் அமைப்பு) வைக்கப் படுக்கையை எவ்வளவு குடைந்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். பெரிய தோட்டாக்களுக்கான இங்கிலாந்து டபுள் ரைஃபிள்களில் பல, ஸ்பிரிங்கைப் பின்பக்கம் தள்ளிய பேக்-ஆக்‌ஷன் பூட்டோடு வருவது படுக்கையின் எஃகைக் குறைக்காமல் வைப்பதற்காகத்தான். ஆன்சன்-டீலி பாக்ஸ்லாக் 1875-லிருந்து ஷாட்கன் உலகை ஆள்கிறது. ஆனால் அதன் குதிரைகள் படுக்கைக்குள்ளேயே இடம் கேட்கும். ஆகவே பாக்ஸ்லாக்கில் படுக்கை ஆழமாக, தடிமனாக உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேலே கிரீனர் குறுக்குப்பூட்டு (குழலின் மேல் நீட்சியைக் குறுக்கே துளைத்துப் பிடிக்கும் தாழ்) இருக்கிறது, அதனால் பலம் என்று விற்பவர் சொல்வார். பூட்டு உண்மையில் பிடிக்கிறதா என்று பார்க்க மண்ணெண்ணெய் விளக்குப் போதும். புகைக்கரியைப் பூட்டின் மீது படியவிட்டு, துப்பாக்கியை மூடித் திறங்கள். கரி தேய்ந்து பளிச்சென்று எஃகு தெரிந்தால் பூட்டு வேலை செய்கிறது. கரி அப்படியே இருந்தால் அது வெறும் அலங்காரம். மலிவுத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் அலங்காரம்தான்.

மாற்றும் முன் மூலையையும் அடிப்பூட்டின் வெட்டுகளையும் டிபி டெஸ்ட் பார்ப்பது கட்டாயம். சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தால் விரிசல் சிவப்பு மயிர்க்கோடாக எழும். மாற்றிச் சுடத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு ஐம்பது தோட்டாவுக்கும் ஒருமுறை முன்கட்டையைக் கழற்றி, குழலுக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு சிகரெட் காகிதத்தை வைத்து மூடுங்கள். காகிதம் இறுகப் பிடிபட வேண்டும். உருவினால் வழுக்கிக்கொண்டு வந்தால், முகம் விலகத் தொடங்கிவிட்டது. அதே தோட்டாவைத் தொடர்ந்து சுட்டால் இடைவெளி தானாக வளரும், ஏனெனில் இடைவெளி கூடக்கூட அடியின் வேகமும் கூடும்.

உதைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒன்றேகால் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைந்த ரவையை விநாடிக்கு 1,200 அடியில் தள்ளும் 12 போரும், 405 கிரெயின் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் சிறு எடை அளவு) குண்டை 1,330 அடியில் தள்ளும் பழைய .45-70-ம் தோளுக்கு ஏறக்குறைய ஒன்றே. 500 கிரெயினை 2,150 அடியில் தள்ளும் .470-ன் உந்தம் அதைப்போல இரண்டு மடங்கு. அசல் .470 பத்து, பதினொரு பவுண்டு எடை இருக்கும். ஏழு பவுண்டு ஷாட்கன்னின் கட்டை, ஆக்‌ஷனுக்குப் பின்னால் சேரும் மெல்லிய கழுத்தில் பிளக்கும். அதற்கு முன்பே உதைப்பில் இரண்டாவது குழலின் பூட்டு இயந்திரம் நழுவி, இரு குழலும் ஒன்றாக வெடிக்கவும் கூடும். நாம் பார்த்துப் பார்த்துப் போட்ட கணக்கெல்லாம் அந்த ஒரு கணத்தில் இரட்டிப்பாகிவிடும்.

இனி, டபுள் ரைஃபிளுக்கே உரிய விஷயம். இரண்டு குழலையும் ஒரே இலக்கில் சேர்ப்பது ஒரு குறிப்பிட்ட குண்டு எடைக்கும் வேகத்துக்கும் மட்டுமே நடக்கும். வலக்குழல் சுடும்போது துப்பாக்கி வலப்புறமும் மேலும் சாயும், இடக்குழலில் இடப்புறம். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரத்தில் நடக்கும் அந்தச் சாய்வைக் கணக்கிட்டுத்தான் குழல்களை முன்னால் நெருக்கி ஒட்டுகிறார்கள். குண்டு மெதுவாகப் போனால் சாய்வு கூடி, இரு குழலின் குண்டுகளும் விலகி விழும். வேகம் கூடினால் ஒன்றையொன்று தாண்டிக் குறுக்கே விழும். ஆகவே பத்து வருடம் கழித்தும் அதே எடையில், அதே வேகத்தில் கிடைக்கக்கூடிய தோட்டாவே வேண்டும். இந்த வகையிலும் 170 கிரெயின் .30-30-க்குக் குறை சொல்ல முடியாது.

வெயிலும் இதில் பங்கு கேட்கும். பழைய பிரிட்டிஷ் புகையில்லா மருந்தான கார்டைட்டின் அழுத்தம் சூட்டில் ஏறும் என்பதால் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மருந்தைக் குறைத்து “ட்ராப்பிகல்” தோட்டாக்களைத் தனியே நிரப்பி அனுப்பினார்கள். பெரிய கூடு, குறைந்த அழுத்தம் என்ற பழைய நைட்ரோ எக்ஸ்பிரஸ் ஏற்பாடே, சூட்டிலும் கூடு ஒட்டாமல் வெளியே வரவேண்டும் என்ற கவலையோடு இயைந்ததுதான்.

கட்டுரையில் .450, .470 ஆகியவற்றின் கதை வந்ததால் இன்னொரு சொல். .470 வந்தது .450-ல் குறை இருந்ததால் அல்ல. 1907-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு .450 ரைஃபிள்களைத் தடைசெய்தது. மார்ட்டினி-ஹென்றி ராணுவ ரைஃபிளுக்கு அந்தக் குண்டுகள் உதவிவிடும் என்ற பயம். உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470, .475 என்று சற்றே மாற்றி இறக்கின. இன்றும் இங்கே .303-ம் 7.62-ம் தடைசெய்யப்பட்ட குழல் அளவுகள். 1959-ன் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை மாற்றியமைக்கவே தனி உரிமம் வேண்டும், டி.பி.பி.எல். (பின்புறம் தோட்டா போடும் இரட்டைக்குழல் துப்பாக்கி) லைசென்ஸ் வைத்திருப்பதால் குழலை மாற்றிக்கொள்ளலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

நம் ஊரில் இந்த விஷயம் நேரடியாகத் தொடுவது, எஸ்டேட் வீடுகளிலும் பழைய ஜமீன் வீடுகளிலும் லைசென்ஸோடு இருக்கும் பரம்பரைத் துப்பாக்கிகளை. .500 மூன்றங்குல அறை உள்ள டபுள் ரைஃபிள் இரண்டு வகை: கரிமருந்து எக்ஸ்பிரஸ், அழுத்தம் கூடிய புகையில்லா மருந்துக்கான நைட்ரோ எக்ஸ்பிரஸ். கூடு ஒன்றே. கரிமருந்துக்குச் செய்த துப்பாக்கியில் நைட்ரோ தோட்டா தடையின்றி நுழையும். எது எது என்று தெரிய, துப்பாக்கியை மடித்து, குழலைக் கழற்றி, அடித்தட்டையைப் பாருங்கள். கிரீடத்தின் கீழ் “என்.பி.” என்ற இரு ஆங்கில எழுத்து இருந்தால் அது நைட்ரோ சோதனை முத்திரை. .470 போன்றவற்றில் “கார்டைட் 75 – 500” என்ற மாதிரி, மருந்து எத்தனை கிரெயின், குண்டு எத்தனை கிரெயின் என்றே பொறித்திருக்கும். இந்த முத்திரைகள் இல்லாத துப்பாக்கியை, தெரிந்த பட்டறையில் காட்டாமல் சுடக்கூடாது. குழலுக்குத் துருப்பிடிக்காத கறுப்புப் பூச்சு போடக் கொடுக்கும்போது, அடித்தட்டையில் பஃபிங் சக்கரம் படக்கூடாது என்று பட்டறைக்காரரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள். தேய்ந்துபோன முத்திரையை யாராலும் மறுபடி படிக்க முடியாது.

இப்படிக்கு,
துப்பாக்கிப் பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்